ஒரு மணிச் சோறு

உங்கள் மேனேஜர் என்றைக்காவது தன் கையால் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாரா தம்பி?

இல்லை அல்லவா. தெரியும். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறதே என்று கேட்டேன். கழற்றிப் பையில் வைக்க மறந்துவிட்டீர்கள் போல. இருக்கட்டும், இருக்கட்டும். நான் போட்டிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கிட்டத்தட்ட ஒரு வருஷம். இருபத்தாறு பேருக்கு, சாம்பார், ரசம், மோர் என்று வரிசை மாறாமல், இதோ இந்தக் கையால் போட்டிருக்கிறேன். அந்தக் கையைத்தான் இப்போது கும்மிடிப்பூண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

எங்களுடையது மிக்ஸி, கிரைண்டர் செய்கிற கம்பெனி. பேர் வேண்டாம், உங்கள் வீட்டிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். திருச்சி தில்லை நகரில் ஒரு மாடி முழுக்க எங்கள் குறைகேட்பு ஆபீஸ். மிக்ஸி மூடி பறந்துவிட்டது, கிரைண்டர் கல் சுற்றவில்லை, வந்த மெக்கானிக் ஸ்குரூவைப் போடாமல் போய்விட்டார் என்று தமிழ்நாடு முழுக்க இருந்து போன் வரும். என் பிள்ளைகள் எடுத்துப் பேசுவார்கள். பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். என்னைவிட வயதில் மூத்தவர் ஒருவர் உண்டு, சூசைராஜ், அவரையும் சேர்த்துத்தான். அந்த ஆபீஸுக்கு நான் மேனேஜர். உலகநாதன் என்று பேர்.

கும்மிடிப்பூண்டியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? உடைந்துபோய்த் திரும்பி வருகிற மிக்ஸிகளை அடுக்கி வைக்கிற குடோன். 'தனிப் பொறுப்பு' என்று ஆர்டரில் போட்டிருக்கிறார்கள். தனி என்றால் அப்படியொரு தனி. எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், அவரும் ஏஜென்சி ஆள், என் கணக்கில் வரமாட்டார். நீங்களே சொல்லுங்கள். சேவை செய்யத் துடிக்கிறவனுக்குக் கீழே யாரையுமே கொடுக்கவில்லை என்றால் அவன் யாருக்குத்தான் சேவை செய்வான்?

முதலிலிருந்து சொல்கிறேன். வண்டி விழுப்புரம் தாண்டுவதற்குள் முடித்துவிடலாம்.

போன வருஷம் ஏற்காட்டில் மேனேஜர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். பயிற்சி கொடுத்தவர் பெங்களூர்க்காரர், வெள்ளைக் குர்தா, மெல்லிய குரல். பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். மேலே முனையில் மேனேஜர், கீழே ஊழியர்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு அதை அழித்துவிட்டுத் தலைகீழாக வரைந்தார். இப்போது ஊழியர்கள் எல்லாரும் மேலே, மேனேஜர் அடியில், முனையில். தலைவன் என்பவன் முதலில் சேவகன் என்றார். சேவகத் தலைமை என்று அதற்குப் பேராம். "உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்?" என்றார்.

அத்தனை மேனேஜர்களில் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன மனிதர்கள் இவர்கள் என்று நினைத்தேன். என் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? எனக்கே தெரியுமே.

திரும்பி வந்ததும் முதல் வேலை, ஆபீஸ் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினேன். தலைகீழ் முக்கோணமாக எழுதச் சொன்னேன். எல்லார் பேரும் மேலே, என் பேர் அடியில். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நான் அடியில் இருப்பது தெரியாமல் போய்விடுமே என்று என் பேரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். "சிவப்புல போட்டுரட்டா சார்?" என்று பெயிண்டர் கேட்டார். "சேவகனுக்கு எதுக்குப்பா சிவப்பு. தங்கக் கலர் போதும்" என்றேன்.

அடுத்தது சாப்பாடு.

அதற்கு முன்னால் எப்படி என்றால், பாதிப் பேர் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவார்கள், பாதிப் பேர் ஒரு மணிக்கு. போன் சும்மா அடித்துக்கொண்டிருக்கக் கூடாதே, அதற்காக அப்படியொரு முறை. அவரவர் டப்பாவைத் திறந்து, ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கையை விட்டு, மாமியார் கதை நாத்தனார் கதை பேசிச் சிரித்துக்கொண்டு, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். பரிமாற ஒரு நாதி இல்லை. முதல் பாதி, இரண்டாம் பாதி என்றால் அது என்ன குடும்பம்?

எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். இனிமேல் ஒரே பந்தி. ஒரு மணி. டப்பா வேண்டாம், கேட்டரிங்கிலிருந்து சாப்பாடு வரும். நான் பரிமாறுவேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன். என் கை படாமல் யாரும் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஒரு மணி ஆனதும் போன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

மெஹருன்னிசா என்று ஒரு பெண். டீம் லீடர். கெட்டிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "சார், நாங்களே போட்டுக்கிறோம் சார். கை இருக்குல்ல" என்றாள்.

"அந்தக் கைக்கு ரெஸ்ட் குடும்மா" என்றேன்.

"போனுக்கும் ரெஸ்ட்டா சார்? அந்த நேரத்துலதான் சார் எல்லா வீட்டுலயும் மிக்ஸி போட்டு முடிச்சிட்டுக் கூப்பிடுவாங்க."

"ஒரு மணி நேரம் அம்மியில அரைக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். சந்தோஷம் தாங்கவில்லை அவர்களுக்கு.

என் வீட்டுக்காரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஆபீஸ்ல பந்தி பரிமாறுறீங்களாமே. இங்க சாப்பிட்ட தட்டையாவது எடுத்து சிங்க்குல போடுறது" என்றாள். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? வீட்டில் அவள் எனக்குக் கீழே வேலை செய்கிறாளா என்ன. வீடு வேறு, தலைமைப் பண்பு வேறு.

சரி, ஒரு மணி என்றால் டாண் என்று ஒரு மணிக்கே வந்து நிற்க ஒரு மேனேஜரால் முடியுமா? நீங்களே சொல்லுங்கள். தலைமை ஆபீஸ் போன் அந்த நேரத்தில்தான் வரும். அதை முடித்துவிட்டு, கை கால் கழுவி, பேண்ட்டுக்கு மேலே வெள்ளைத் துண்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது ஒரு அடையாளம், போட்டோ எடுக்க ஒருவரை நிறுத்திவிட்டுக் கரண்டியைத் தொடும்போது ஒன்றே முக்கால் ஆகும். சில நாள் இரண்டரை. எனக்கும் பசிக்கும்தான். பசியைப் பார்த்தால் சேவை நடக்குமா? என் மேஜை டிராயரில் பிஸ்கட், வாழைப்பழம், கொஞ்சம் முந்திரிப் பருப்பு வைத்திருப்பேன். அதை வைத்துச் சமாளித்துக்கொள்வேன்.

நான் உள்ளே நுழைகிற அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் தம்பி. இருபத்தாறு பேர், கையில் காலித் தட்டு, எல்லார் கண்ணும் வாசலில். என் தலை தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். என் கல்யாணத்தில்கூட என்னை அப்படி எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்ததில்லை.

அந்தப் போட்டோவைத் தினமும் மேனேஜர்கள் வாட்ஸாப் குழுவில் போடுவேன். விளம்பரத்துக்கு இல்லை. மற்றவர்களுக்கும் தோன்றட்டுமே என்றுதான். சென்னையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மேற்கு மண்டலத்துக்குத் தலைவர் பதவி காலியாகிறது, உலகநாதனைப் போடலாம் என்று ஒரு பேச்சு. சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், இருநூறு பேர். பதவி கிடக்கட்டும். இருநூறு பேர், ஒரே பந்தி. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

இதற்கு நடுவில் போன் எடுக்க ஆளில்லை என்று புகார். புகார் கேட்கிற ஆபீஸைப் பற்றிப் புகார். அதை எங்களிடம் சொல்லலாம் என்றால் நாங்கள் போனை அணைத்து வைத்திருக்கிறோம். அதனால் சென்னைக்குச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் கேட்டார்கள். மனித உறவுகளை வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் அனுப்பினேன். அதோடு புகாரை மூடிவிட்டார்கள்.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தட்டுமா? காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது. வேண்டாமா? சாத்திவிட்டேன், பரவாயில்லை.

சூசைராஜ் என்றேனே, அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்கிறவர். அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது, அப்படியொரு சாது. ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லணும். ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டுரணும், இல்லன்னா சர்க்கரை ஒரேயடியா இறங்கிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் மட்டும் கொஞ்சம் முன்னாடி..."

"தனியாவா?"

"ஆமா சார். ஓரமா உக்காந்து சாப்பிட்டுக்கிறேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது."

ஓரமாக. என் ஆபீஸில், நான் இருக்கும்போது, வயதில் மூத்த ஒரு மனிதர் அநாதை மாதிரி ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவதா? எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சூசைராஜ், இனிமே பந்தியில முதல் ஆள் நீங்கதான். முதல் கரண்டி உங்க தட்டுலதான்" என்றேன்.

"அதில்ல சார், மணிதான்..." என்று இழுத்தார்.

"நன்றியெல்லாம் வேண்டாம்" என்றேன். பேசாமல் போய்விட்டார். நெகிழ்ந்துபோனால் சில பேருக்குப் பேச்சு வராது.

சில மாதம் போயிற்று. ஒன்றைக் கவனித்தேன். யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. கொஞ்சம் போதும் சார், போதும் சார், அய்யோ சார் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் சேவையில் ஏதோ குறை இருக்கிறது என்று பட்டது. அதனால் இரண்டு கரண்டி போட்ட இடத்தில் மூன்று போட்டேன். தட்டைக் கையால் மறைத்தால் கைக்கு மேலேயே போட்டேன். எல்லாரும் ஒரு சுற்று பெருத்துவிட்டார்கள். மத்தியானம் ஆனால் ஆபீஸ் முழுக்கக் கொட்டாவி. எங்கள் பிரதாப் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டே தூங்கிவிட்டான். குறட்டைச் சத்தத்தைக் கேட்ட அந்த அம்மா, மிக்ஸியை அங்கிருந்தே ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று நினைத்து, "எங்க மிக்ஸியும் இப்படித்தான் தம்பி கத்துது" என்று சொன்னாராம்.

ஒரு நாள் பன்னிரண்டு மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். ரூமில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்தால் பேட்டரிகளுக்கு நடுவில் ஏழெட்டுப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நடுவில் செல்போன் விளக்கு. மெஹருன்னிசா மடியில் பிரியாணி டப்பா. சூசைராஜ் வாயில் இட்லி.

"என்னம்மா இது?"

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வந்தோம் சார்."

"பிரியாணியோடயா?"

"அதுக்கும் பசிக்கும்ல சார்" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. முறை வைத்து வந்து சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு பந்தியில் உட்கார்ந்து, பசித்த முகத்தோடு எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பெருமூச்சு எல்லாம் பொய். வேறு மேனேஜராக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார். நான் கோபப்படவில்லை. சேவகனுக்கு ஏது கோபம்? "உங்க மேல தப்பில்ல. என் அன்பு உங்களுக்குப் போதல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த ரூம் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஆசிட் இருக்கிற இடம் தம்பி, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அவர்கள் பாதுகாப்புக்காகத்தான். மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எல்லாம் வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன். சூசைராஜ் பையில் இரண்டு மிட்டாய் இருந்தது. சர்க்கரைக்காரருக்கு மிட்டாய் எதற்கு? அதையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது வசுந்தரா மேடம் வருகிறார்.

சென்னை தலைமை ஆபீஸில் ஆட்களை எடுப்பது, தூக்குவது, ஏற்றுவது எல்லாம் அந்த மேடம்தான். மண்டலத் தலைவர் பதவிக்கு என்னை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுப் போக வருவதாகச் சொன்னார்கள். 'மத்தியானச் சாப்பாடு உங்கள் பந்தியில்தான்' என்று மெசேஜ் போட்டிருந்தார். நான் அன்றைக்கு வடை, பாயசம், இரண்டு பொரியல் என்று விசேஷமாகச் சொல்லியிருந்தேன். தரையில் பாய் விரித்து, வாழை இலை போட்டு, முதல் இலையில் சூசைராஜ். மூத்த ஊழியருக்கு முதல் கரண்டி, அதுதான் போட்டோ.

"மணி ஒண்ணாகப் போகுது. ஊசி போட்டாச்சா?" என்று அவரிடம் கேட்டேன்.

"சாப்பாட்டப் பார்த்துட்டுப் போட்டுக்கிறேன் சார். லேட்டாகும்னா..."

"இன்னைக்கு லேட்டாகுமா? மேடம் வர்ற நாள். டாண்ணு ஒரு மணி. நான் சொல்றேன்ல, போடுங்க."

போட்டுக்கொண்டார். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

மேடம் வந்த விமானம் தாமதம். அதற்கு நான் என்ன செய்யட்டும்? ஒன்றரைக்கு ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பியதாகப் போன் வந்தது. நான் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். மெஹருன்னிசா வந்தாள். "சார், சூசைராஜ் அண்ணனுக்கு மட்டும் ஒரு கை சோறு குடுத்துரலாம் சார். ஊசி போட்டுட்டாரு."

"போட்டோ எடுக்குறப்ப முதல் இலை எச்சில் இலையா இருக்கலாமாம்மா? வந்துட்டாங்க, வந்துட்டாங்க."

"ஒரு வாழைப்பழமாச்சும் சார்."

"அஞ்சு நிமிஷம்."

மேடம் வந்தார். வாசலில் பலகையைப் பார்த்தார், தங்கக் கலரைப் பார்த்தார். முக்கோணத்தை நான் விளக்கினேன். நான் ஏன் அடியில் இருக்கிறேன் என்று சொன்னேன். ஏற்காட்டில் அழுததைச் சொன்னேன். ஒரு பத்து நிமிஷம், அதிகமாகப் போனால் பதினைந்து. பிறகு பந்திக்கு அழைத்துப் போனேன். கரண்டியைக் கையில் எடுக்கிறேன், முதல் இலை காலியாக இருக்கிறது. சூசைராஜைக் காணோம்.

பார்த்தால் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அணைத்து வைத்த போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "வணக்கம், சொல்லுங்கம்மா. மூடி கழண்டுருச்சா? இருங்கம்மா, சார் வந்துருவாரு. சார் வந்ததும் போட்டுருவாரு. இருங்கம்மா." திரும்பத் திரும்ப அதையே. கண் எங்கேயோ இருக்கிறது.

மெஹருன்னிசா ஒரே ஓட்டம். பாயசப் பாத்திரத்தைத் தூக்கினாள். சுடச்சுடப் பாத்திரம், துணிகூட இல்லாமல் வெறும் கையால். நான் கரண்டியோடு நடுவில் நிற்கிறேன். "இரும்மா, நான் போடுறேன், முதல் கரண்டி நான்..." என்றேன்.

"தள்ளுங்க சார்" என்றாள்.

தள்ளுங்க. அந்த ஒரு சொல். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு வருஷம் குனிந்து குனிந்து பரிமாறியவனிடம், மேலிடத்து ஆள் முன்னால், தள்ளுங்க. தோளால் இடித்துக்கொண்டு போனாள். பாயசத்தைத் தம்ளரில் ஊற்றி, ஊதி ஊதி, அவர் வாயில் வைத்தாள். பிரதாப் அவர் தலையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வாய் வெளியே வழிந்தது, மூன்றாவது வாய் உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணில் வெளிச்சம் வந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"மன்னிச்சிருங்க சார். உங்களுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டேன்."

பாருங்கள். சாகப் பிழைக்கக் கிடந்த மனிதருக்கு இருந்த மரியாதை அந்தப் பெண்ணுக்கு இல்லை.

வசுந்தரா மேடம் என்னிடம் திரும்பினார். "இவருக்கு உடம்பு இப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மேடம். அதனாலதான் முதல் இலையே அவருக்குன்னு வெச்சிருந்தேன்."

பிறகு ஒன்று நடந்தது. யாரோ ஒருவர் போய் வடையை எடுத்தார். யார் என்று நான் பார்க்கவில்லை. அடுத்து இன்னொருவர். அடுத்த நிமிஷம் மொத்த ஆபீஸும் பாத்திரங்களைச் சுற்றி நிற்கிறது. ஆளுக்கு ஆள் கையால் அள்ளுகிறார்கள். பொரியலுக்கு மேலே சாம்பார், சாம்பாருக்குள் வடை, வரிசை கிடையாது, முறை கிடையாது. இலை பூரா அப்படியே கிடக்கிறது, நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள். ஒருவர் தட்டில் இன்னொருவர் கையை விட்டுச் சிரிக்கிறார்கள். மேடமும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் நின்றுவிட்டார். மெஹருன்னிசாவின் சுட்ட கையில் யாரோ மோரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் கரண்டியோடு நின்றேன் தம்பி. ஒருவர், ஒரே ஒருவர் திரும்பிப் பார்த்து, சார் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம்.

ஆர்டர் சீக்கிரமே வந்துவிட்டது. மேற்கு மண்டலம் யாரோ ஒரு சின்னப் பையனுக்குப் போயிற்று. எனக்குக் கும்மிடிப்பூண்டி. மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், அங்க எனக்குக் கீழ ஆளே இல்லையே. நான் யாருக்குச் சேவை செய்யறது?" என்று கேட்டேன்.

"மிக்ஸிக்குச் செய்யுங்க சார். அதுக்கெல்லாம் மத்தியானம் பசிக்காது" என்றார்.

வேடிக்கையாகப் பேசுவார் அந்த மேடம். என் மேல் ஒரு மதிப்பு இல்லாவிட்டால் அப்படி உரிமையாகப் பேச முடியுமா?

இதெல்லாம் போகட்டும். கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

நேற்று எனக்கு அங்கே கடைசி நாள். காலையில் மெஹருன்னிசாவும் சூசைராஜும் வந்து நின்றார்கள். அவள் கையில் கட்டு. "சார், இன்னைக்கு நாங்க உங்களுக்குப் போடுறோம். நீங்க உக்காரணும்" என்றாள். நான் மறுத்தேன். சேவகனை உட்கார வைக்கலாமா? "ஒரு நாள் சார்" என்றார் சூசைராஜ். "ஒரு மணிக்கு சார். சரியா ஒரு மணிக்கு."

ஒரு மணிக்குப் போனேன். ஒரே ஒரு இலை. ஒரே ஒரு நாற்காலி. சுற்றிலும் இருபத்தாறு பேரும் நிற்கிறார்கள். சூசைராஜ் கரண்டியை எடுத்து முதல் கரண்டி சாம்பார் எனக்கு ஊற்றினார். கை நடுங்கவில்லை. முகத்தில் நல்ல தெளிவு, நான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது அப்படி ஒரு தெளிவை. உப்பை இலையில் வலது பக்கம் வைத்துவிட்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அன்புதானே முக்கியம். கத்திரிக்காய்க் கூட்டு, அப்பளம், மெஹருன்னிசா வீட்டிலிருந்து கொண்டுவந்த சேமியா. ருசி என்றால் ருசி. அந்த நேரத்துக்கு எனக்கு நல்ல பசி இருந்தது தம்பி. அதுதான் எனக்கே ஆச்சரியம். சரியாக ஒரு மணிக்கு ஒரு மனுஷனுக்கு இப்படிப் பசிக்கும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்களா?

பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன். "நீங்கல்லாம் உக்காரலையா?" என்று கேட்டேன்.

"நாங்க சாப்பிட்டுட்டோம் சார்" என்றாள்.

"எப்ப?"

"பன்னண்டரைக்கே சார். பாதிப் பேர் அப்ப. பாதிப் பேர் அதுக்கும் முன்னாடியே."

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைசி நாள், என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவர்களால் முடியாது. ஒரு வாய் இறங்காது. அதனால் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். அந்தத் துக்கத்தை எப்படி மறைத்தார்கள் தெரியுமா? சிரித்த முகம். இருபத்தாறு பேருக்கும் ஒரே மாதிரி, காது வரைக்கும் சிரிப்பு. நான் எழுந்து கை கழுவினேன். தாங்க முடியாமல் கைதட்டிவிட்டார்கள். பையை எடுத்தேன், கைதட்டினார்கள். மாடிப்படி இறங்க இறங்கக் கைதட்டல் கூடிக்கொண்டே போகிறது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

திரும்ப மேலே ஏறி ஒரு தடவை எல்லாரையும் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. நாலு படி ஏறிக்கூட விட்டேன். பிறகு வேண்டாம் என்று வந்துவிட்டேன். அழுதுகொண்டிருப்பார்கள் தம்பி. என்னைப் பார்த்தால் இன்னும் தாங்கமாட்டார்கள்.